பன்னிரண்டு வருஷமாக நிறையாத குழி

திருகோணமலை அலஸ்தோட்டத்தில் 15 பேர்ச்சில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறீர்கள். கிணறு முன் வளவில், கக்கூசுக் குழி பின் வளவில். “பன்னிரண்டு வருஷமா ஒருக்காவும் குழி நிறையேல்லை, பவுசர் கூப்பிட்டதே இல்லை” என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்கிறார். அதை நம்பலாமா, வாங்க முதல் எதையெல்லாம் பார்க்க வேண்டும், மூடிக்கு மேல் டைல் பதித்திருப்பதால் திறந்து காட்ட மாட்டேன் என்கிறாரே, அதற்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கட்டட வேலை மேற்பார்வையில் முப்பது வருஷம் இந்த மாவட்டம் முழுக்கத் திரிந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். எனக்குக் கவலை தருவதே அதுதான். ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டாங்க் ஒன்றில், குடும்பம் ஒன்று தொடர்ந்து இருந்தால், மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அடியில் சேறு சேர்ந்து, அதை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசரைக் கூப்பிட வேண்டி வரும். டாங்க் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பன்னிரண்டு வருஷம் ஒன்றும் சேரவில்லை என்றால், சேர வேண்டியது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி என்று கடற்கரையை ஒட்டிய மணலில் அந்த ‘எங்கேயோ’ பெரும்பாலும் யாரோ ஒருவரின் கிணறு.

டாங்க் என்பது என்ன செய்கிறது என்று பலருக்கும் தெளிவில்லை. அது தண்ணீரைச் சுத்தமாக்குகிற பெட்டி என்று நினைக்கிறார்கள். அது செய்வது ஒரேயொரு வேலை: வருகிறதை ஒரு நாளாவது அசையாமல் வைத்திருந்து, பாரமானதை அடியில் படியவிட்டு, கொழுப்பையும் மிதப்பதையும் மேலே ஆடையாகப் பிடித்து, நடுவில் இருக்கிற தண்ணீரை மட்டும் வெளியே விடுவது. அடியில் படிந்ததைக் காற்றில்லாமல் வாழும் பக்டீரியாக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று குறைக்கும். வெளியே போகிற தண்ணீரில் கிருமி அப்படியே இருக்கும். அந்தக் கிருமியை மறிக்கிற வேலை மண்ணுடையது. டாங்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குகிற உறிஞ்சுகுழியின் அடிக்கும் நிலத்தடித் தண்ணீருக்கும் இடையில் நாலடியாவது காய்ந்த மண் இருந்தால், தண்ணீர் மெதுவாக வடிகிறபோது மண்துகளில் ஒட்டி, காற்றுப்பட்டு, கிருமிகள் செத்துப்போகும். அந்த இடைவெளி இல்லாமல் குழியின் அடி நேரே தண்ணீரில் நின்றால், குழியும் கிணறும் ஒரே பாத்திரம்தான்.

நம்முடைய கடற்கரை மணலில் தண்ணீர் கெதியாக இறங்கும். அதைத்தான் ஆட்கள் “நல்லா உறிஞ்சுது” என்று புகழ்கிறார்கள். மாரியில் நிலத்தடித் தண்ணீர் மேலே ஏறிவிடும். ஐப்பசியில் தொடங்கி தை வரைக்கும் பள்ளமான வளவுகளில் கயிறே தேவையில்லை, குனிந்து வாளியால் அள்ளலாம். அந்த வளவில் எட்டடி ஆழத்தில் ஒரு குழி இருந்தால் அது எங்கே நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

திருகோணமலை முழுக்க இந்த மணல் இல்லை. உவர்மலைப் பக்கம் தோண்டினால் சில வளவுகளில் மூன்றடியில் கல் வந்துவிடும். அங்கே தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் சரிவு வழியே ஊறி, கீழ் வீட்டு மதிலில் ஈரமாக வெளிப்படும். தம்பலகாமம் பக்கத்து வயல் களியில் உறிஞ்சவே உறிஞ்சாது, மாரியில் கொமட்டில் தண்ணீர் மேலே வந்து நிற்கும். கல்லிலும் களியிலும் குழி பழுதென்றால் வீட்டுக்காரர் மூக்குக்கே முதலில் தெரியும். மணலில் மட்டும்தான் பழுதான குழி நல்ல பெயரோடு பன்னிரண்டு வருஷம் இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, என் தலையில் விழுந்தது. உப்புவெளியில் நாங்கள் வீடு வாங்கியபோது, தொழில் தெரிந்தவன் என்ற திமிரோடு நாடா பிடித்து அளந்தேன். எங்கள் குழிக்கும் எங்கள் கிணற்றுக்கும் 60 அடி. நம் ஊரில் பரவலாகச் சொல்லும் 50 அடிக் கணக்குக்கு மேலேயே இருக்கிறது என்று மனைவியிடம் பெருமையும் அடித்தேன். அடுத்த மாரியில் சின்னவனுக்கு வயிற்றோட்டம் வந்து வந்து போனது. தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தால் மலக்கிருமி இருக்கிறது. எங்கள் குழியைத் திறந்து, மூடி, திரும்பவும் திறந்து பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் ஒருநாள் மதிலுக்கு மேலால் பக்கத்து வளவை எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர்களுடைய குழி, அடியே இல்லாமல் கொங்கிறீட் வளையங்களை மட்டும் இறக்கிய குழி, மதிலோடு ஒட்டி இருக்கிறது. எங்கள் கிணற்றிலிருந்து 22 அடி.

ஆகவே உங்கள் முதல் வேலை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது. மூன்று பக்கத்து அயலவர் குழியும் எங்கே, கிணறு எங்கே என்று ஒரு தாளில் கீறுங்கள். 15 பேர்ச் என்றால் ஏறக்குறைய 4,080 சதுர அடி. 50 அடி முகப்பு, 82 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 10 அடி விட்டுக் கிணறு, பின்னால் 10 அடி விட்டுக் குழி என்றால் உங்களுக்குள் 60 அடிக்கு மேல் கிடைத்துவிடும். ஆனால் பின் வளவுக்காரர் தன் கிணற்றை உங்கள் பின் மதிலோடு வெட்டியிருந்தால் உங்கள் குழி அவருக்கு 10 அடிக்குக் கிட்ட. நாளைக்குச் சண்டை அங்கேயிருந்துதான் தொடங்கும். 50 அடி என்பதும் மண் நல்லதாக இருந்தால் போதுமான கணக்கு. பருமணலில் எவ்வளவு கூட விடமுடியுமோ அவ்வளவு விடுவதே புத்தி. செப்டிக் டாங்க் கட்டுவதற்கு நாட்டில் எஸ்.எல்.எஸ். 745 என்று ஒரு தரக்கோவையே இருக்கிறது. அதைப் பார்த்துக் கட்டிய வீடுகளை விட மேசன் பாஸின் கைக்கணக்கில் கட்டிய வீடுகளைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

தண்ணீர் ஓடுகிற திசையும் முக்கியம். நிலத்தடித் தண்ணீர் பொதுவாக மேட்டிலிருந்து கடலையோ களப்பையோ நோக்கிப் போகும். கிணறு மேட்டுப் பக்கமும் குழி கடல் பக்கமும் இருந்தால் நல்லது. இதைக் கண்மூடித்தனமாக நம்பவும் கூடாது. காலையில் ஒரு மணித்தியாலம் மோட்டர் போட்டு மேல் தாங்கியை நிரப்பினால், கிணற்றைச் சுற்றித் தண்ணீர் மட்டம் தாழ்ந்து, நாலு பக்கத்திலிருந்தும் கிணற்றை நோக்கி இழுபடும். வாளியால் அள்ளிய காலத்தில் பிரச்சினை இல்லாத கிணறு மோட்டர் பூட்டிய பிறகு கெட்டுப்போவது இப்படித்தான்.

இனி மூடியைத் திறப்பது. இதற்கு ஒரு மேசனையோ அனுபவமுள்ள பிளம்பரையோ கூட்டிக்கொண்டு போங்கள். மூடியைக் கிளப்பியவுடன் யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, அரை மணித்தியாலம் சும்மா விடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், நெருப்புக்குச்சி ஒன்றும் வேண்டாம். உள்ளே பற்றியெரியும் வாயு நிற்கும். எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரும் உள்ளே இறங்கக் கூடாது. அந்த வாயு இரண்டு மூச்சில் ஆளை விழுத்தும், தூக்கப் போனவனையும் சேர்த்து விழுத்தும்.

பிறகு முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை. உள்ளே வரும் பைப் ஒரு பக்கம், வெளியே போகும் பைப் மறு பக்கம். வெளியே போவது இரண்டு மூன்று அங்குலம் தாழ்வாக இருக்கும். ஒழுங்கான டாங்கில் தண்ணீர் எப்போதும் வெளியே போகும் பைப்பின் அடி விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதற்கு மேலே ஏறி நின்றால் உறிஞ்சுகுழி அடைத்துவிட்டது. கீழே இறங்கி நின்றால் டாங்க் ஒழுகுகிறது, அல்லது அடியே கட்டவில்லை. உங்கள் வீட்டுக்காரரின் பெருமைக் கதைக்கு விடை இந்த ஒரு கோட்டில் இருக்கிறது. வெளியே போகும் பைப்பே காணவில்லை, வட்டமாக ஒரே ஒரு குழிதான் என்றால், மேலும் பார்க்க ஒன்றுமில்லை, அது செப்டிக் டாங்க் இல்லை.

டாங்க்தான் என்றால், ஒரு நீளத் தடியின் நுனியிலிருந்து நாலடி உயரத்துக்குப் பழைய வெள்ளைத் துவாயைச் சுற்றிக் கட்டி, வெளியே போகும் பக்கத்தில் மெல்ல இறக்கி அடியில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் அசைக்காமல் பிடித்திருந்து நேராக மேலே எடுங்கள். துவாயின் கீழ்ப்பகுதியில் தார் பூசியது போலக் கருஞ்சேறு ஒட்டியிருக்கும். அதற்கு மேல் நனைந்த பழுப்பு நிறம். அந்தக் கோடு துவாயில் சும்மா வரைந்தது போலத் தெரியும். கறுப்பு, மொத்தத் தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் பவுசர் கூப்பிடுகிற நேரம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் துவாய் வெள்ளையாக வந்து, நுனியில் மணல் ஒட்டியிருந்தால் அந்த மணலை வீட்டுக்காரரிடமே காட்டுங்கள்.

அளவையும் எடுத்துவிடுங்கள். நீளம், அகலம், தண்ணீர் ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28ஆல் பெருக்கினால் ஏறக்குறைய லீற்றர் வரும். ஆறடி, மூன்றடி, நாலடி என்றால் 2,000 லீற்றருக்குக் கிட்ட. ஐந்து பேர் குடும்பத்துக்குக் காணும். குளிக்கிற தண்ணீரும் குசினித் தண்ணீரும் தனியாக வாழைக்குப் போகிற வீடென்றால் தாராளமாகக் காணும். உடுப்புத் தோய்க்கிற மெஷினையும் டாங்கில் பூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மெஷின் ஒரேயடியாகத் தள்ளுகிற தண்ணீர் படிந்து கிடக்கிற சேற்றைக் கலக்கி உறிஞ்சுகுழிக்குக் கொண்டுபோய்விடும்.

உப்புவெளிப் பக்கம் இன்னொரு விசேஷம், வெள்ளைக்காரருக்கு அறை கொடுக்கிற வீடுகள். நாலு பேருக்குக் கட்டிய டாங்கில், பிறகு மாடி எழுப்பி ஆறு அறைக்கு ஆறு பாத்ரூம் போட்டு, எல்லாவற்றையும் அதே டாங்கில் கொண்டுபோய்ச் செருகியிருப்பார்கள். சீசனில் அறை நிறையும் மாதங்கள் கோடை. மண் காய்ந்திருப்பதால் ஒன்றும் தெரியாது. கொமட்டை எண்ணி டாங்கின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிணற்றுத் தண்ணீரைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் இருக்கிறதுதானே, கந்தளாயிலிருந்து வருகிறதுதானே என்று விடாதீர்கள். முகம் கழுவுவதும், பல் தீட்டுவதும், பிள்ளை தொட்டியில் விளையாடுவதும் கிணற்றுத் தண்ணீரில்தான் நடக்கும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேட்டால் எங்கே கொடுப்பது, எந்தப் போத்தலில் எடுப்பது என்று சொல்வார். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தல் வேண்டும், ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். 100 மில்லிலீற்றரில் ஈ கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இங்கே ஒரு சூது இருக்கிறது. வீடு பார்க்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் சிலர் முதல் நாள் கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போட்டுவிடுவார்கள். கிருமி அறிக்கை பளிச்சென்று வரும். அதனால்தான் நான் எப்போதும் நைட்ரேற்றையும் சேர்த்துக் கேட்கச் சொல்வேன். கழிவு கலந்த நிலத்தடித் தண்ணீரில் நைட்ரேற்று கூடும். அதை ப்ளீச்சிங் பவுடர் ஒன்றும் செய்யாது, கொதிக்க வைத்தாலும் போகாது, வற்ற வற்ற இன்னும் செறியும். ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் இருக்கிற தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுப்பது ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கிற சக்தி குறைந்து பிள்ளை நீலம் பாரித்துப்போகும். பக்கத்தில் உரம் போடுகிற தோட்டம் இருந்தாலும் நைட்ரேற்று ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள். எங்கள் பக்கத்தில் தோட்டம் குறைவு, குழிகள்தான் கூட.

காணி உறுதி விஷயத்தில் சட்டத்தரணி சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நம் ஆட்களில் ஒரு வளவைப் பிரித்து மூத்த மகளுக்குப் பாதி, இளையவளுக்குப் பாதி என்று சீதனம் எழுதுவது வழக்கம். சேவையர் வந்து கோட்டை நேராகப் போட்டுவிடுவார். வீடு மூத்தவளின் பக்கம், குழி இளையவளின் பக்கம். அக்காவும் தங்கச்சியும் இருக்கிற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. அக்கா வெளிநாடு போய் வீட்டை உங்களுக்கு விற்ற பிறகு, தங்கச்சியின் மருமகன் அந்த இடத்தில் கராஜ் கட்டப் போகிறேன் என்று வந்து நிற்பான். இப்படி ஒரு பைப்பை மதிலோடு வெட்டிவிட்ட வீட்டுக்கு நானே போய் நின்றிருக்கிறேன். குடும்பம் ஒரு மாதம் அயல் வீட்டுக் கக்கூசுக்குப் போனது. ஆகவே சேவையர் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு, டாங்க், உறிஞ்சுகுழி, இடையில் ஓடும் பைப் மூன்றும் உங்கள் எல்லைக்குள்தான் என்று நடந்து பாருங்கள். சபை அனுமதித்த கட்டட பிளானும் இணக்கச் சான்றிதழும் இருந்தால் கேட்டு வாங்குங்கள். பிளானில் குழி ஒரு மூலையிலும் தரையில் வேறு மூலையிலும் இருப்பது சர்வசாதாரணம்.

ஒழுங்கைக்குள் கலி பவுசர் வருமா என்றும் பாருங்கள். வராத ஒழுங்கையில் ஹோஸ் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் ஒவ்வொரு முறையும் தலையிடி.

எப்போது போய்ப் பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் பாதி விஷயம். கச்சான் காற்று அடித்து எல்லாம் காய்ந்து கிடக்கிற ஆடி மாதத்தில் இந்த ஊரில் எல்லாக் குழியும் நல்ல குழி. கார்த்திகையில், இரண்டு மூன்று நாள் மழை அடித்து ஓய்ந்த மறுநாள் போங்கள். எல்லா பாத்ரூமிலும் ஒரே நேரம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கொமட் களகளவென்று சத்தம் போடுகிறதா, தண்ணீர் தயங்கி இறங்குகிறதா, குழிப் பக்கத்துப் புல் மட்டும் கடும் பச்சையாகச் செழித்திருக்கிறதா, கிணற்றுக்கட்டின் உள்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் வழுவழுவென்று ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். சாப்பாட்டுக்குப் போடும் சிவப்புச் சாயத்தை கொமட்டில் ஊற்றி நன்றாகத் தண்ணீர் அடித்துவிட்டு, இரண்டு மூன்று நாளைக்குக் கிணற்றைக் கவனிக்கலாம். சாயம் தெரிந்தால் முடிவு தெளிவு. தெரியாவிட்டால் ஒன்றையும் நிரூபிக்காது, மணலில் கலைந்து போயிருக்கலாம். அதே மாரியில் டாங்கை முழுதாக உறிஞ்சி எடுக்க மட்டும் வேண்டாம். சுற்றிலும் தண்ணீர் நிற்க உள்ளே வெறுமையானால், பிளாஸ்டிக் டாங்க் தோணி போல மிதந்து மேலே வந்துவிடும், கட்டிய டாங்கும் வெடிக்கும்.

இவ்வளவையும் பார்த்து அது அடியில்லாத குழிதான் என்று தெரிந்தால் வீட்டைக் கைவிட வேண்டுமா? அவசியமில்லை. அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட வீடுகளைத் தள்ளினால் வாங்க மிஞ்சுவது குறைவு. ஒழுகாத புது டாங்க் ஒன்று, இரண்டு அறையாகப் பிரித்து, முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு வரக் கட்டலாம். அதிலிருந்து வருகிற தண்ணீரை ஆழக் குழிக்குள் விடாமல், தரை மட்டத்துக்கு மேலே மண்ணும் சல்லியும் போட்டு உயர்த்திய அகலமான மேட்டில் பரவலாக விட்டு, மேலே வாழையோ கல்வாழையோ வைக்கலாம். ஆழம் குறையக் குறைய நிலத்தடித் தண்ணீருக்கு உள்ள தூரம் கூடும், அவ்வளவுதான் தந்திரம். பழைய குழியைச் சேறு எடுத்து, மண் போட்டு மூட வேண்டும். இதற்கு மேசனிடம் எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கக் கேளுங்கள். ஆனால் பிரச்சினை அயலவர் குழியாக இருந்தால் நீங்கள் எவ்வளவு செலவழித்தும் உங்கள் கிணறு தெளியாது. அப்போது அந்த வீட்டை ‘கிணறு இல்லாத வீடு’ என்று எண்ணி விலை பேசுங்கள்.

கடைசியாக டைல். மூடிக்கு மேலே டைல் பதித்தால் அழகாக இருக்கும், உண்மைதான். உடைபடப் போவது நாலு டைலும் ஒரு மேசனின் அரை நாள் கூலியும். அந்தக் காசை நானே தருகிறேன், திரும்பவும் பதித்தே தருகிறேன் என்று அட்வான்ஸ் கொடுக்க முதல், பக்கத்தில் ஒரு சாட்சி நிற்க, மரியாதையாகச் சொல்லுங்கள். உண்மையில் டைலுக்காகத் தயங்கினவர் அதற்கு ஒத்துக்கொள்வார். அதற்கும் முடியாது என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள், அலஸ்தோட்டத்தில் விற்பனைக்கு இருக்கிற வீடு அது ஒன்றுமட்டும் இல்லை.